கல்லுக்கு வலிக்கும் என்றார்கள்

அந்தக் கோபுரத்தை நான் நேசித்தேனாம். கைப்பேசியில் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் நான் வருகிறேன், பின்னணியில் வயலின் அழுகிறது, அடியில் ‘கல்லைக் காதலித்த பெண்மணி’ என்று எழுத்து ஓடுகிறது. ஒரு மதியம் முழுக்க வெயிலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். நான் சொன்னதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்த இடத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு நான் கண்ணீர் விடுவதுபோல் இருக்கும். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பி குடிக்கிறவர்கள்கூட, "என்ன மேகலா, இந்த வயசுல கல்லோட லவ்வா?" என்று கேட்டுவிட்டார்கள்.

நேசமும் இல்லை, மண்ணும் இல்லை. பூங்காக்களைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கழிவறைக் குழாய், ஊஞ்சல், நாய் அசுத்தம் போடும் தொட்டி, இவற்றோடு அந்தக் கோபுரமும் என் பொறுப்பில் இருந்தது, அவ்வளவுதான். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஷாலினி என்ற பெண்தான் என்னைக் காணொளிக்கு இழுத்துவிட்டவள். "அக்கா, யங் ஸ்டாஃப் எல்லாம் உங்க எக்ஸ்பீரியன்ஸ கேக்கணும்னு ஆசைப்படுறாங்க" என்றாள். ஆசைப்பட்டவர்களுக்காக, யாரும் வெட்ட முடியாதபடி இங்கே எழுதிவைக்கிறேன்.

குவீன்ஸ்டவுனின் பழைய அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் கருங்கல்லால் கட்டிய நான்கு பக்கக் கோபுரம். அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப் போகக் குறுகும். காலனி ஆட்சிக் காலத்தில் ஒரு வியாபாரி இருந்தார். அந்தக் குன்றின் வயிற்றைக் குடைந்த கல்குவாரி அவருடையது. சம்பாதித்தது போதும் என்று கப்பலேறித் தாய்நாட்டுக்குப் போகும் வழியில் காய்ச்சலில் செத்துப்போனார். உடலைக் கடலில் போட்டுவிட்டார்கள். கூட்டாளிகளுக்கு மனசு கேட்கவில்லையோ, அல்லது தங்கள் பெயரும் கல்லில் வர வேண்டும் என்று தோன்றியதோ, அவருடைய குவாரியின் கல்லையே எடுத்து அவருக்கு நினைவுக் கோபுரம் எழுப்பினார்கள். அவர் பெயர் பலகையில் நான்கு மொழிகளிலும் இருக்கிறது. நான் வேறு எதற்கு எழுத வேண்டும்? தமிழர்கள் அதைத் துரை கோபுரம் என்று சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

கல்லை உடைத்தவர்கள், மேலே சுமந்தவர்கள், அடுக்கியவர்கள் எல்லாம் நம் ஆட்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கும் இல்லை. அதற்காக நம் ஆட்கள் கோபித்துக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. கோபுரத்தின் முன்பக்கத்தில் துரையின் முகம் வெண்கல வட்டத்தில் இருக்கும், நல்ல முறுக்கு மீசை. மீசையைப் பார்த்ததும் குவாரித் தொழிலாளிகளின் குடும்பங்கள் அவரைக் காவல் சாமி ஆக்கிவிட்டார்கள். குங்குமம் வைத்து, சுருட்டு படைத்து, பீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். உயிரோடு இருந்தபோது கூலியைப் பிடித்துக்கொண்ட ஆளுக்குச் செத்த பிறகு உபசாரம். குவாரி மூடி, குடிசைகள் போய், அடுக்குமாடிகள் வந்த பிறகும் சுருட்டு மட்டும் நிற்கவில்லை. கோபுரத்தில் என் முதல் வேலையே துரையின் மீசையிலிருந்து குங்குமத்தைக் கழுவியதுதான்.

படித்ததையும் வேலைக்குச் சேர்ந்ததையும் நீட்ட ஒன்றுமில்லை. கட்டுமானத்தில் டிப்ளோமா வாங்கினேன், சேர்ந்தேன், சில ஆண்டுகள் நடைபாதைக் கைப்பிடிகளுக்குச் சாயம் பூசுவதை மேற்பார்த்தேன். பிறகு மிஸ்டர் கோ என்ற சீனரிடம் அனுப்பினார்கள். பழைய கட்டுமானங்களின் ஆய்வுக்கு அவர்தான் தலைவர்.

மிஸ்டர் கோவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கையில் குடை, தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு மரச்சுத்தியல். கல்லைத் தட்டிப் பார்ப்பதுதான் ஆய்வு. கீழ் வரிசையில் இடப்பக்க மூலையில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கல்லையும் நடுவில் ஒரு தட்டு, நான்கு ஓரங்களிலும் ஒவ்வொரு தட்டு. நல்ல கல் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே கற்களைப் பிணைக்கும் இரும்புப் பட்டை துருவேறி ஊதியிருந்தால் கல்லின் மேல்தோல் விட்டுப்போயிருக்கும், சத்தம் பொத்தென்று விழும். அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட வேண்டும். தட்டத் தொடங்கும் முன் மிஸ்டர் கோ கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார், அதன் சத்தம் இடைஞ்சலாம். நோயாளி படுத்திருக்கும் அறைக் கதவைத் தட்டுகிற மாதிரி அவ்வளவு மெதுவாகத் தட்டுவார். நான் ஒருமுறை கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்து, "அது உனக்கு என்ன செஞ்சுச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கல்லிடம் இருந்த அந்த அக்கறை மனிதர்களிடம் இருந்ததா என்றால், கூட்டங்களில் பார்த்தால் தெரியும். யார் என்ன பிரச்சினை சொன்னாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார். முடிந்ததும் "நோட்டட்" என்பார். எழுதியும் வைக்க மாட்டார். மிஸ்டர் கோ ‘நோட்டட்’ சொல்லிவிட்டால் அந்த விஷயத்துக்குப் பால் தெளித்தாகிவிட்டது என்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். நான் அவரை மதிக்கவில்லை. சுத்தியலை மதித்தேன், ஆளை இல்லை.

அந்தக் காலத்தில்தான் வேட்டி கட்டிய ஓர் ஆய்வாளர் வந்து சேர்ந்தார். ஏதோ வரலாற்று மன்றத்தின் தலைவர். மன்றத்தில் தலைவரைத் தவிர யாராவது இருந்தார்களா என்று தெரியாது. கோபுரத்தின் கற்களின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அதைக் காட்டி, "இது சோழர் காலத்து நாள்காட்டி. துரை இதத் திருடித் தன் கோபுரத்துல வச்சுக்கிட்டான்" என்றார்.

"சார், பாறையப் பிளக்கறதுக்கு முன்னால உளியால வரிசையா குழி போடுவாங்க. அதுல இரும்பு ஆப்ப இறக்கி அடிச்சா பாறை நேரா பிளக்கும். அந்தக் குழியோட பாதிதான் இது" என்றேன்.

"நீங்க கவர்ன்மென்ட் ஆள் மாதிரி பேசுறீங்க. தமிழச்சி மாதிரி பேசுங்கம்மா."

"தமிழன் உளி புடிச்சுப் போட்ட குழிதான் சார் இது. அது உங்களுக்குப் போதாதா?"

போதவில்லை. ராஜா வேண்டுமாம். கூலிக்காரன் போட்ட குழி என்றால் அவருக்கு என்ன பெருமை? ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த மாதமே குழிகளில் கற்பூரம் ஏற்றிவைத்திருந்தார்கள், கரியைத் துடைக்க நான் போனேன். அவரைப் பார்த்து அன்று சிரித்தேன். வெள்ளைக்கார துரையைச் சாமியாக்கியவர்களையும் பார்த்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தக் குன்றில் சிரிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கோபுரத்தின் உச்சியில் ஓர் ஆலங்கன்று முளைத்தது. பறவை எச்சத்தில் வந்த விதைதான். கல் இடுக்கில் வேர் இறங்கிவிட்டால் கல்லையே நகர்த்திவிடும், உடனே எடுக்க வேண்டும். எடுக்கும்போதே மொத்தக் கோபுரத்தையும் பழுது பார்த்துவிடலாம் என்று ஒரு கட்டுமானக் குத்தகையாளரை அமர்த்தினார்கள். வெளிநாட்டில் படித்த பாரம்பரிய ஆலோசகர் ஒருவரும் வந்தார். கழுத்தில் பட்டுத்துணி, பேச்சில் தேன்.

கூட்டத்தில் குத்தகையாளரின் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒரு வேண்டுகோள் வைத்தார். கோபுரம் மேலே குறுகுவதால், நேராக எழும் சாரத்துக்கும் சுவருக்கும் நடுவே உச்சியில் பெரிய இடைவெளி விழும். சாரத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்டவும், ஆட்களின் பாதுகாப்புக் கயிற்றை மாட்டவும் கல்லில் சில துளைகள் போட்டு போல்ட் இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் துளைகளை அடைத்துவிடலாம்.

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். "இந்தக் கல்லுக்கு வலிக்கும். ஒரு துளையைக்கூட நான் அனுமதிக்க மாட்டேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்படியே சொன்னார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பட்டதாரிகள் எல்லாம் கோயிலில் நிற்பதுபோல் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து, துளை இல்லாவிட்டால் மேலே வேலை செய்கிறவன் எட்டித்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும், கயிறு எட்டாது, ஆள் விழுவான் என்று சொன்னேன். எல்லோரும் மிஸ்டர் கோவைப் பார்த்தார்கள். கையெழுத்து அவருடையது. அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"நோட்டட்" என்றார்.

துளை போடவில்லை. ஆள் விழுந்தார். பெயர் செல்வராசு, அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், பெர்மிட்டில் வந்து வேலை செய்தவர். ஆலங்கன்றின் வேரை அறுத்து மருந்து தடவ வேண்டும். கயிறு எட்டவில்லை, கொக்கியைக் கழற்றிவிட்டு எட்டியிருக்கிறார். கோபுரத்தின் அடிவாரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கிழக்குப் பக்கத்துக் கல்லின் விளிம்பில் தலை பட்டது. ஆம்புலன்ஸ் குன்றில் ஏறி வருவதற்குள் உயிர் போய்விட்டது. விசாரணை நடந்தது. கொக்கியைக் கழற்றியது தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். கல்லின் வலியைப் பற்றி யாரும் யாரையும் விசாரிக்கவில்லை.

போலீசார் இடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்தக் கல்லை நான்தான் கழுவினேன். துப்புரவு வேலைக்கு இருந்தவரும் செல்வராசு மாதிரியே ஊரைவிட்டு வந்த பையன். அவனிடம் வாளியைக் கொடுக்க என்னால் முடியவில்லை. கருங்கல்லில் ரத்தம் மேலோடு போகாது, நுண்ணிய துளைகளில் இறங்கிவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், மெல்லிய தூரிகை. வெந்நீர் கூடாது, கறை கெட்டிப்பட்டுவிடும். பிறகு களிமண்ணையும் காகிதக்கூழையும் பிசைந்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, காயவிட வேண்டும். காயும்போது அது கறையை உறிஞ்சும். உரித்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். கல் வெளுத்த பிறகும் அது எந்தக் கல் என்று எனக்குத் தெரியும். கறை போன அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். காணொளிக்காரர்களுக்குக் கண்ணீர் வேண்டியிருந்தால் அதைக் கேட்டிருக்கலாம், சொல்லியிருப்பேன்.

சில வாரம் கழித்துக் காவலாளி போன் செய்தார். யாரோ ஒருவன் கோபுரத்தடிப் பூப்பாத்தியைத் தோண்டுகிறானாம். போய்ப் பார்த்தேன். ஒல்லியான ஆள், கப்பல் பட்டறைச் சட்டை, கையில் தேக்கா சந்தைக் கடைப் பிளாஸ்டிக் பை, அதில் பாதி மண்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"மன்னிச்சுக்கங்க மேடம். செல்வராசு எங்க அண்ணன். எம்பேரு பாண்டி." எழுந்து நின்று மண் ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்தார். "ஊர்ல கருமாதி நின்னு கெடக்கு மேடம். எங்க பங்காளிங்க வழக்கம் அது. வெளியூர்ல அடிபட்டுச் செத்தா, ரத்தம் விழுந்த எடத்துலேருந்து ஒரு பிடி மண்ணோ கல்லோ கொண்டாந்து, குலசாமிகிட்ட புதைச்சு, அதுமேல கல்லு நட்டாத்தான் தீட்டு கழியும். அதுவரைக்கும் அண்ணிய கோயில் வாசல்ல நிக்க விடமாட்டேங்கிறாங்க. யாரு வீட்டுலயும் தண்ணி வாங்கிக் குடிக்க முடியல. பாப்பாவுக்குக் காது குத்தறதா இருந்துச்சு, அதுவும் நின்னு போச்சு."

கேட்டதும் அந்தப் பங்காளிகளை வரிசையாக நிற்க வைத்துத் திட்ட வேண்டும்போல் இருந்தது. புருஷனை இழந்தவளை இன்னும் கொஞ்சம் மிதிக்க ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஆனால் நான் இங்கே உட்கார்ந்து திட்டினால் அறந்தாங்கியில் அந்தப் பெண்ணுக்கு யார் தண்ணீர் தருவார்கள்?

பையில் இருந்த மண்ணைப் பார்த்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பூப்பாத்தியைப் போட வைத்தவளே நான்தான்.

"தம்பி, இது இந்தக் குன்னு மண்ணு இல்ல. உங்க அண்ணன் போனதுக்கு அப்புறம் லாரியில மூட்டையா வந்துச்சு. தோட்டக்காரங்க கொட்டுனாங்க."

"அப்ப ரத்தம் விழுந்த மண்ணு எங்க மேடம்?"

"மண்ணுல விழல. சுத்தி எல்லாமே கல்லுதான்."

அவரைக் கிழக்குப் பக்கம் கூட்டிப்போய்த் திண்டின் கல்லைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை, அழவுமில்லை. உள்ளங்கையை விளிம்பில் வைத்தார். அடுப்புச் சூடு பார்ப்பவர்போல் எடுத்தார், மறுபடி வைத்தார். "இதுல கொஞ்சம், நகத்தளவு இருந்தாப் போதும் மேடம்" என்றார்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் அது. அதில் ஒரு சில்லைப் பெயர்த்தாலும் குற்றம். அவர் மாட்டிக்கொண்டால் பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். என் வேலையும் போகும். "கேட்டுப் பாக்குறேன்" என்றேன். யாரிடம் கேட்பேன்? மிஸ்டர் கோவிடம்தான்.

மறுநாள் அவர் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கோயில் வாசல், தண்ணீர், குழந்தையின் காதுகுத்து உட்பட. கண்ணாடி துடைக்கப்பட்டது.

"நோட்டட்."

வெளியே வந்து கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, எனக்குத் தெரிந்த எல்லா வசவையும் சொல்லித் தீர்த்தேன். பாண்டி வாராவாரம் போன் செய்தார். "பாத்துக்கிட்டு இருக்காங்க தம்பி" என்று நானும் அதிகாரிகளின் பாஷையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மிஸ்டர் கோ என் மேசையருகே வந்து நின்றார். "அந்தத் தம்பிக்கு என்னைக்கு லீவு?" என்று கேட்டார்.

"சண்டே."

"கோபுரத்த இன்ஸ்பெக்ட் பண்ணணும். சண்டே. ஏணி புடிக்க ஒரு ஆள் வேணும், அவன வரச் சொல்லு."

அவர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஆய்வும் அப்போதைக்கு வேண்டியிருக்கவில்லை. முந்தின மாதம்தான் நானே எல்லாக் கல்லையும் தட்டி முடித்திருந்தேன். எல்லாம் கணீரென்றுதான் இருந்தது.

ஞாயிறு காலையில் மூவரும் மேலே போனோம். ஏணி வேண்டியிருக்கவே இல்லை. பாண்டி அதைத் தோளில் சுமந்து வந்து என்ன செய்வது என்று தெரியாமல் புல்லில் வைத்தார். மிஸ்டர் கோ கடிகாரத்தைக் கழற்றவில்லை. மூலையிலிருந்து தொடங்கவும் இல்லை. நேராகக் கிழக்குப் பக்கம் போனார். துணிப்பைக்குள் கையை விட்டு எடுத்தது மரச்சுத்தியல் அல்ல, இரும்புச் சுத்தியல், விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் புதுசாக இருந்தது.

"எந்தக் கல்லு?" என்று என்னிடம் கேட்டார். காட்டினேன்.

ஓங்கி அடித்தார். கருங்கல் அவரைச் சட்டையே பண்ணவில்லை. கணீரென்ற சத்தம் குன்று முழுக்கக் கேட்டது. மறுபடி அடித்தார். முழுக்கைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது, கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவர் சுத்தியல் பிடித்த அழகுக்கு என் சமையலறை மேசையே பயப்படாது. மூன்றாவது அடியில் விளிம்பிலிருந்து ஒரு சில்லு தெறித்து பாண்டியின் காலடியில் விழுந்தது.

"லூஸா இருந்துச்சு," என்றார் மிஸ்டர் கோ மூச்சு வாங்கிக்கொண்டு. "லூஸா இருக்கறது ஆபத்து, யார் மேலயாவது விழும். கீழ கிடக்கறது குப்பை. என் சைட்ல குப்பை கிடக்கக் கூடாது. அந்தத் தம்பிய அள்ளிட்டுப் போகச் சொல்லு."

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பாண்டிக்குத் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவர் குனிந்து அதை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. நான் போட்டுக் கொடுத்தேன்.

ஊருக்குப் போகும் நண்பன் ஒருவன் மூலம் கல் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் பாண்டி போன் செய்தார். "கருமாதி முடிஞ்சுச்சுக்கா. அண்ணி கோயிலுக்குள்ள போயிருச்சு. பாப்பாவுக்குக் காது குத்தப் போறோம்." மேடம் போய் அக்கா வந்திருந்தது. அடுத்த ஆண்டு பெர்மிட் முடிந்து அவரும் ஊருக்குப் போய்விட்டார்.

மிஸ்டர் கோ அந்த ஞாயிற்றைப் பற்றி அதன் பிறகு ஒரு சொல்கூடப் பேசியதில்லை. இப்போது பெர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறார். நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்திய குற்றத்துக்காக யாராவது அங்கே போய்ப் பிடிக்க விரும்பினால் பிடிக்கட்டும். அவர் நல்லவர் என்று இங்கே எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த மூன்று அடியும் எனக்குப் பிடித்திருந்தது, அது உண்மை. ஆனால் கூட்டத்தில் ‘நோட்டட்’டுக்குப் பதிலாக ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தச் சுத்தியலை வாங்கவே வேண்டியிருந்திருக்காது. இது அவருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அப்படி அடித்தார்.

இனி இப்போதைய சங்கதி. கோபுரத்துக்கு மரியாதை கூடிவிட்டது. இரவில் ஒளிரும்படி அலங்கார விளக்குகள் போட்டிருக்கிறார்கள், மாலையானால் ஊதா, பிறகு பச்சை, பிறகு துரைக்கே அடையாளம் தெரியாத ஒரு ரோஸ் நிறம். விளக்குகளை எப்படி மாட்டினார்கள் என்று கிட்டே போய்ப் பார்த்தேன். கல்லில் துளை போட்டு, போல்ட் இறக்கி மாட்டியிருக்கிறார்கள், அடியிலிருந்து உச்சி வரைக்கும். கல்லுக்கு இப்போதெல்லாம் வலிப்பதில்லை போலும்.

புதிய தகவல் பலகையும் வந்திருக்கிறது. கிழக்குப் பக்கத்துத் திண்டில் உள்ள வடுவை அம்புக்குறியிட்டுக் காட்டி, ஜப்பானியர் படையெடுப்பின்போது குண்டுச் சிதறல் பட்ட இடம் என்று எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு அங்கேயே நின்று ஷாலினிக்கு போன் போட்டேன்.

"ஷாலினி, அது குண்டும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் கேமரா முன்னாடி எல்லாம் சொன்னேன்ல? செல்வராசு விழுந்தது, மிஸ்டர் கோ அடிச்சது."

"சொன்னீங்க அக்கா. பட் மேனேஜ்மென்ட்ல வொர்க்கர் டெத் எல்லாம் சென்சிட்டிவ்னு சொல்றாங்க லா. ஃபேமிலிஸ் வர்ற இடம். கன்சல்டன்ட்தான் வார் டேமேஜா இருக்கலாம்னு சொன்னாரு, எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு."

"போர்ல செத்தா சென்சிட்டிவ் இல்லையா?"

"அது ஹெரிடேஜ் அக்கா" என்றாள். பாவம், கிண்டல் செய்யவில்லை, விளக்கம்தான் சொன்னாள். பலகையைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். மேலே எழுதிப் போடுவதாகச் சொன்னாள். மேலே என்ன சொன்னார்கள் என்று சில வாரம் கழித்துக் கேட்டேன். சிரிக்காமல் சொன்னாள், "நோட்டட்னு வந்திருக்கு அக்கா."

எனக்கு ஓய்வூதியக்காரியின் நேரம் இருக்கிறது. பாசிர் ரிஸ்ஸில் ரயிலேறினால் மாறாமல் குவீன்ஸ்டவுன் போய்விடலாம். சனிக்கிழமைகளில் கோபுரத்துக்கு இலவச மரபுநடை நடத்துகிறார்கள், அதில் போய்ச் சேர்ந்துகொள்கிறேன். தமிழ் நடைக்கு வழிகாட்டி ஓர் இளைஞன், சட்டையில் ஒலிவாங்கி, நல்ல குரல், மனப்பாடம் செய்த வருத்தம். முதல் முறை நான் போனபோது, வடுவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினான். "இங்கே குண்டு பாய்ந்தது. தொட்டுப் பார்க்கலாம்." கூட்டம் வரிசையில் நின்று தொட்டது. ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். ஒருவர் மகனைத் தூக்கித் தொட வைத்தார்.

நான் கையை உயர்த்தினேன்.

"இங்க குண்டு பாயல தம்பி. செல்வராசுன்னு ஒருத்தர் மேலேருந்து விழுந்து, இந்தக் கல்லுல தலை பட்டு செத்தாரு. அறந்தாங்கிக்காரர். கல்லுல துளை போடக் கூடாதுன்னாங்க, அதனால கயிறு மாட்ட எடமில்ல. வீட்டுக்காரம்மா கருமாதி பண்ண முடியாம நின்னாங்க, அதுக்காகத்தான் இதுலேருந்து ஒரு சில்லு ஒடைச்சுக் குடுத்தோம். செல்வராசு. பேர எழுதிக்கங்க."

யாரும் எழுதவில்லை. மகனைத் தூக்கியவர் அவனைக் கீழே இறக்கிவிட்டு, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வழிகாட்டி ஒலிவாங்கியை ஒரு கையால் மூடிக்கொண்டான். அப்போதுதான் அவன் முகத்தில் மனப்பாடம் செய்யாத ஏதோ ஒன்று வந்தது.

"ஆன்ட்டி, நீங்க அவரோட ஃபேமிலியா?"

"இல்ல" என்றேன். "மெயின்டனன்ஸ்."